பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா? மாற்றும் முன் அளந்து பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: "செல்ஃப் எடுக்கவில்லை." எனவே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என்னுடையது 150 சிசி பைக், 2016 மாடல். சில மாதங்களுக்கு முன் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், மாற்றினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது மறுபடி அதே சத்தம். செல்ஃப் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா சார்?
— வாசகர், மயிலாடுதுறை

இப்போதைக்கு வேண்டாம். மாற்றினாலும் சில வாரங்களில் வண்டி அதே இடத்தில் வந்து நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். பேட்டரி மாற்றியதை எழுதியிருக்கிறீர்கள், சத்தத்தை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் யாராவது வோல்ட் அளந்ததாக ஒரு வரிகூட இல்லை. அளக்காமல் மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் பணம் கட்டுவது வண்டிக்காரர்தான்.

அந்த 'டிக் டிக்' எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம். பட்டனை அழுத்தும்போது சின்னக் கரண்ட் ஒன்று செல்ஃப் ரிலேக்குப் போகிறது. ரிலேக்குள் இருக்கும் காயில் காந்தமாகி, தடித்த இரண்டு முனைகளை இணைக்கிறது. அதன் வழியாகத்தான் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் பெரிய கரண்ட் பாய்கிறது. சின்ன பைக்குகளிலேயே அது பல பத்து ஆம்பியர் இருக்கும். பேட்டரியில் தெம்பு இல்லையென்றால் அந்தக் கணமே வோல்ட் சரிந்துவிடும். சரிந்ததும் ரிலே காயிலுக்கே பலம் போதாமல் முனைகளை விட்டுவிடும். விட்டதும் பாரம் இறங்கி வோல்ட் மேலே வரும், ரிலே மறுபடி பிடிக்கும். இப்படிப் பிடித்துப் பிடித்து விடுவதுதான் உங்கள் காதில் விழும் சத்தம். ஆகவே தொடர்ந்து 'டிக்டிக்' என்றால் பேட்டரிப் பக்கம் வோல்ட் விழுகிறது என்று பொருள். பேட்டரி தீர்ந்திருக்கலாம், டெர்மினல் நட்டு தளர்ந்தும் இருக்கலாம். ஒரே ஒரு 'டக்' கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டால் கதை வேறு. ரிலே பிடித்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை.

இனி மீட்டருக்கு வருவோம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு நிறுத்திய வண்டியில், காலையில் சாவி போடும் முன்பே, பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் நேரடியாக முனைகளை வைத்துப் பாருங்கள். 12.7 அல்லது அதற்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜ். 12.4 முக்கால்வாசி, 12.2 ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்ட பிறகுதான் மற்ற வேலை. காலிப் பேட்டரியை வைத்துக்கொண்டு மோட்டாரைச் சோதிப்பது வீண்.

முழுச் சார்ஜ் இருந்தால், மீட்டரை எடுக்காமலே செல்ஃப் அடியுங்கள். பேட்டரிக்கு உண்மையான சோதனை இதுதான். ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரிகூடப் பாரம் ஏறியதும் 6, 7 என்று படுத்துவிடுவது உண்டு. பட்டன் அழுத்திய நிலையில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. 9.5-க்குக் கீழ் சரிந்தால், ஒன்று பேட்டரி செத்திருக்கிறது, இல்லையென்றால் மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பட்டனை அழுத்தியும் மீட்டர் 12.6-ஐ விட்டு அசையவே இல்லையா? அதுவும் ஒரு சேதிதான். மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம், கேபிள் விட்டிருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

உங்கள் வண்டியில் நான் மிக முக்கியமாக நினைப்பது இனி வரும் அளவை. இன்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, சுமார் 4000 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 13.5-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் மிகையாக ஏறிப் பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது. புதுப் பேட்டரி இரண்டே மாதத்தில் படுத்திருக்கிறது என்கிறீர்கள். செல்ஃப் மோட்டார் கோளாறால் அப்படி நடப்பது அரிது. சார்ஜிங்தான் என் முதல் சந்தேகம்.

ஆர்.ஆர். யூனிட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வரும் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் மட்டும் பழுப்பாகி, ஒரு பின்னைச் சுற்றி உருகிக் குழிந்திருந்தால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டான். அந்த ஒரு பின் சரியாகத் தொடாமல், சூடேறிச் சூடேறி, சார்ஜை அடைத்துவிட்டது. கப்ளரை மாற்றினால் போதும் என்ற நிலையில்கூடப் பேட்டரி, ஆர்.ஆர். யூனிட், மேக்னெட் காயில் என்று வரிசையாக மாற்றப்பட்ட வண்டிகள் நிறைய. கப்ளர் நன்றாக இருந்தால் யூனிட்டையும் காயிலையும் மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஒயர் வரும் காயில் என்றால் எந்த இரண்டு ஒயருக்கு நடுவே அளந்தாலும் ஏ.சி. வோல்ட் ஒரே அளவாக வர வேண்டும், எதுவும் பாடியில் எர்த் ஆகியிருக்கக் கூடாது.

சார்ஜிங் சரியாக இருந்து, பேட்டரியும் 10-க்கு மேல் நின்று, மோட்டார் மட்டும் முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் எர்த் கேபிளைப் பாருங்கள். மேல்தொட்டி நிரம்பியிருந்தாலும் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் வராது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட் அளவுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிப் போடுங்கள். இதற்குச் செலவு ஒரு துண்டு உப்புத்தாள். பாசிட்டிவ் பக்கமும் பேட்டரியிலிருந்து மோட்டார் முனை வரை இப்படியே அளக்கலாம். நடுவில் ரிலே இருப்பதால் அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மோட்டார்தான் குற்றவாளி என்றால் தாராளமாகக் கை வையுங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்த ஸ்கூட்டர். இன்று பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. டிக் சத்தம்கூட இல்லை. ஹார்ன் நன்றாக அடிக்கிறது.
— வாசகி, விருதுநகர்

ஹார்ன் பளிச்சென்று அடித்தால் பேட்டரியைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். ரிலேக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை. ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிரேக் லிவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் தூசி, மழைநீரால் ஒட்டிக்கொள்வது சகஜம். பிரேக்கைப் பிடித்துப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஒரு பிரேக்குக்கு எரிந்து மற்றொன்றுக்கு எரியாவிட்டால் எரிகிற பிரேக்கைப் பிடித்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் கோளாறு எரியாத பிரேக்கின் சுவிட்சில்தான். புதிய மாடல்களில் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்டை மேலே தூக்கியிருந்தாலும் அதன் சுவிட்சில் சேறு படிந்திருந்தால் வண்டி இறக்கியதாகவே எடுத்துக்கொள்ளும். கியர் பைக் வைத்திருப்பவர்கள் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் விளக்கு, வலது கைப்பிடியில் இருக்கும் கில் சுவிட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாகக் கில் சுவிட்சை அழுத்திவிட, ஒர்க்ஷாப் வரை தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகள் எல்லா ஊரிலும் உண்டு.

செல்ஃப் அடித்தால் 'விர்ர்ர்' என்று மோட்டார் வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் இன்ஜின் அசையவில்லை. சில நேரம் நாலைந்து முறை அடித்தால் பிடித்துக்கொள்கிறது. பழைய 350 சிசி புல்லட்.
— வாசகர், தேனி

உங்கள் பேட்டரியும் மோட்டாரும் நலம். பழுது இரண்டுக்கும் அப்பால், ஒன்வே கிளட்ச்சில் இருக்கிறது. மோட்டார் சுற்றும்போது இன்ஜினைப் பிடித்துத் திருப்பவும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மோட்டாரை விடுவிக்கவும் இருக்கும் பாகம் அது. உள்ளே இருக்கும் உருளைகளோ ஸ்பிராக் துண்டுகளோ தேய்ந்தால் பிடிப்பு வழுக்கும்.

அது ஏன் தேய்ந்தது என்பதையும் கவனியுங்கள், இல்லையென்றால் புதிதும் அதே வழியில் போகும். பெரிய சிலிண்டர் உள்ள வண்டியில் பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃப் அடித்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிக்காமல் தயங்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் தீப்பிடித்தால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். அந்த உதை முழுவதையும் வாங்குவது ஒன்வே கிளட்ச். ஆகவே புல்லட்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும் நாளில் பட்டனை விட்டுவிட்டுக் கிக்கரை உதையுங்கள். பேட்டரிக்கு ஆகும் செலவு கிளட்ச் கவரைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

என் பைக்கில் செல்ஃப் சில சமயம் எடுக்கிறது, சில சமயம் 'டக்' என்று மட்டும் கேட்கிறது. ஸ்பேனர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினால் உடனே எடுக்கிறது! பேட்டரி புதுசு. மோட்டார் முழுதாக மாற்ற வேண்டுமா?
— வாசகர், கோவை

தட்டினால் எடுக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிட்டது. கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் தள்ளியும் கம்யூட்டேட்டரைத் தொட முடியாத எல்லைக்கு வந்திருக்கிறது. தட்டும் அதிர்ச்சியில் ஒரு கணம் தொடுகிறது, மோட்டார் சுற்றுகிறது. தட்டிக்கொண்டே இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். தொட்டும் தொடாமலும் நிற்கும் பிரஷ் பொறி பறக்க வைத்துக் கம்யூட்டேட்டரைப் பள்ளம் பள்ளமாக அரித்துவிடும். அதற்குப் பிறகு பிரஷ் மட்டும் மாற்றினால் போதாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகு மோட்டாரை இறக்கி, நீளமான இரண்டு போல்ட்டையும் எடுத்து மூடியைப் பிரித்தால் முதலில் கொட்டுவது கருப்புப் பொடி. அவ்வளவும் தேய்ந்த கார்பன். மூடி எந்தப் பக்கம் எத்தனை வாஷரோடு இருந்தது என்று செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் புதிதில் இருந்த நீளத்தில் பாதிக்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். அடுத்து ஆர்மேச்சரின் நுனியில் இருக்கும் செம்புப் பட்டைகளைப் பாருங்கள். கருப்பாக மட்டும் இருந்தால் நைஸ் உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே சீராகத் துடைத்தால் செம்பு நிறம் திரும்பிவிடும். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா செம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டமாகத் தேய்ந்திருந்தால் பிரஷ் துள்ளும். அந்த இடைவெளிகளைக் கவனமாகச் சுரண்டிவிட வேண்டும். கடைசியாக மீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து, ஒரு முனையைச் செம்புப் பட்டையிலும் மறு முனையை நடுத்தண்டிலும் வையுங்கள். பீப் அடிக்கக் கூடாது. அடித்தால் ஆர்மேச்சர் பாடியாகிவிட்டது. அப்போது மட்டும் காயில் கட்டும் கடைக்கோ புது மோட்டாருக்கோ போங்கள். மற்றபடி பிரஷ் செட் மாற்றினால் உங்கள் மோட்டார் நெடுநாள் உழைக்கும். பல மாடல்களுக்குப் பிரஷ் தனியாகக் கிடைக்கிறது. "அது தனியா வராது சார்" என்று ஒரு கடையில் சொன்னால் இன்னொரு கடையிலும் கேளுங்கள்.

திருட்டுக்குப் பயந்து ஜி.பி.எஸ். மாட்டினோம். மகன் வேலைக்காக வெளியூர் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் வண்டி சுத்தமாக டவுன். பேட்டரியில் குறையா, கருவியில் குறையா?
— வாசகர், திருச்சி

இரண்டிலும் குறை இல்லாமல்கூட இது நடக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவி 10 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-அவர் (ஏ.எச்.). மூன்று வாரத்தில் 5 ஏ.எச். போய்விடும். சின்ன வண்டிகளின் பேட்டரியே 3 முதல் 5 ஏ.எச்.தான். கருவி தூங்காமல் 40 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் நாலைந்து நாளிலேயே கதை முடிந்துவிடும்.

உங்கள் வண்டியில் எவ்வளவு என்று அளக்கலாம். சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியையோ செல்ஃப் பட்டனையோ தொடவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சில நிமிடம் காத்திருந்து, அளவு சிறியது என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியருக்கு மாற்றிக்கொள்ளலாம். கருவிகள் மாட்டாத வண்டியில் ஓரிரு மில்லி ஆம்பியருக்குமேல் பெரும்பாலும் வராது. கூடுதலாக வந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

இன்னொன்றும் செய்ய வேண்டும். மூன்று வாரம் காலியாகக் கிடந்த பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட் படிந்து இறுகத் தொடங்கியிருக்கும். உடனே மெதுவாகச் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஏறி ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகும் 12.5-க்கு வராவிட்டால் அதை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். அடுத்த முறை மகன் ஊருக்குப் போகும்போது கருவியின் ஃபியூஸை எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வண்டி பூட்டிய வீட்டுக்குள் நிற்கும்போது அதற்கு வேலையும் இல்லை.

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு 2 கிலோமீட்டர். காலை, மாலை அவ்வளவுதான் ஓட்டம். ஆண்டுக்கு ஒரு பேட்டரி மாற்றுகிறேன்.
— வாசகர், தாம்பரம்

ஒரு முறை ஸ்டார்ட் செய்ய நீங்கள் செலவழிப்பது மிகக் குறைவு. 60 ஆம்பியர் 2 நொடி இழுத்தாலும் அது ஒரு ஏ.எச்.சில் முப்பதில் ஒரு பங்குதான். நல்ல ரோட்டில் சீராக ஓட்டினால் சில நிமிடங்களில் திரும்ப ஏறிவிடும். உங்கள் சிக்கல் சிக்னலில் இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் இங்கே விற்பனைக்கு வந்த இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். ஐடிலிங்கில் நிற்கும்போது மேக்னெட் கொடுப்பது குறைவு. ஹெட்லைட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். பேட்டரி என்றைக்கும் முழுதாக நிரம்புவதில்லை. அரைகுறையாகவே கிடந்தால் சல்பேட் படியும், நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் ஆயுள் இன்னும் குறையும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் சாலையில் வண்டியை விடுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை வீட்டில் சார்ஜர் போடுங்கள். பேட்டரி எத்தனை ஏ.எச்.சோ அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் சார்ஜிங் அளவு. 4 ஏ.எச். பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். கார் பேட்டரி சார்ஜரில் இதைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள்.

புதுப் பேட்டரியில் கடைக்காரர் ஆசிட் ஊற்றி அப்போதே வண்டியில் மாட்டிக் கொடுத்தார். இது சரியா?
— வாசகர், புதுக்கோட்டை

சரியில்லை. ஆசிட் ஊற்றியதும் அரை மணி நேரமாவது தகடுகள் ஊற வேண்டும். பிறகு மெதுவாகச் சில மணி நேரம் முதல் சார்ஜ் போட வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டினால் வண்டி அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், ஆனால் அந்தப் பேட்டரி அதன் முழு அளவை எட்டாமலே வாழ்ந்து சீக்கிரம் முடிந்துவிடும். "நாளைக்கு வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லும் கடைக்காரர் நல்லவர், அவரிடம் வாங்குங்கள். தொழிற்சாலையிலேயே சார்ஜ் செய்து மூடி வரும் பேட்டரி என்றால் மீட்டர் வைத்து 12.6-க்கு மேல் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மூடி திறக்கும் வகைப் பேட்டரியில் பின்னாளில் மட்டம் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஆசிட் கூடாது, குடிநீர் கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

கிக்கர் இல்லாத ஃபியூல் இன்ஜெக்ஷன் பைக். நடுவழியில் பேட்டரி தீர்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா?
— வாசகர், ஊட்டி

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு கார்பரேட்டர் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. இன்ஜெக்ஷன் வண்டிக்குப் பெட்ரோல் பம்பும் இ.சி.யூ.வும் ஓடவே கரண்ட் வேண்டும். சாவி போட்டதும் டேங்குக்குள் 'ஊம்' என்று பம்ப் சத்தம் கேட்டால் இரண்டாம் கியரில் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் பிடிக்கும். அந்தச் சத்தமே இல்லையென்றால் மூச்சு வாங்கத் தள்ளிப் பயனில்லை. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது.

காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாம், ஆனால் கார் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு கேபிளைப் பைக்கின் பாசிட்டிவிலும் பிறகு காரின் பாசிட்டிவிலும், கருப்பைக் காரின் நெகட்டிவிலும் கடைசியாகப் பைக் இன்ஜினின் வெறும் உலோகத்திலும் மாட்டுங்கள். பேட்டரி மேலேயே கடைசி முனையை வைத்தால் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பற்றும். லாரியிலிருந்து எடுக்கவே கூடாது, பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட். உங்கள் ஊர்க் குளிரில் பேட்டரியின் பலம் குறையும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். எனவே சமவெளியில் இன்னும் ஆறு மாதம் ஓடக்கூடிய பேட்டரி அங்கே டிசம்பரில் கைவிட்டுவிடும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

புதிதாக வாங்கிய ஸ்கூட்டரில் செல்ஃப் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. இதில் செல்ஃப் மோட்டார் பழுதானால் சத்தத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, ஈரோடு

தனியாகச் செல்ஃப் மோட்டாரே அதில் கிடையாது. 2020-இல் வந்த ஆக்டிவா 6ஜி போன்ற வண்டிகளில் சார்ஜ் கொடுக்கும் அதே மேக்னெட் காயில்தான் ஸ்டார்ட்டுக்கும் மோட்டாராகச் சுற்றுகிறது. கார்பன் பிரஷ், ஒன்வே கிளட்ச் எதுவும் இல்லை. ஓய்வு, ஸ்டார்ட், சார்ஜிங் வோல்ட் அளவுகள் இதற்கும் பொருந்தும். அவை சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கம்பெனி சர்வீஸில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். தட்டிப் பார்ப்பது, நேரடியாக ஒயர் கொடுப்பது எல்லாம் இதில் வேண்டாம், கன்ட்ரோலர் போய்விடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் பைக் சீட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்தேன், 'டக்' என்று நின்றுவிட்டது. இன்ஜின் வேலை பார்த்தார்கள். இனி அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், வேளச்சேரி

சாவியே போடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. செல்ஃப் மோட்டாரின் பலம் முழுவதும் கனெக்டிங் ராடை வளைப்பதில் போய்விடும். உங்களுக்குக் கேட்ட அந்த 'டக்' அதுவாக இருக்கலாம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியே வெளியே வரும். இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் மாற்றாமல் ஓட்டவே கூடாது. ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் வடியவிடுங்கள். செல்ஃப் மோட்டாரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் மூடிச் சந்தில் இருக்கும் ரப்பர் வளையம் பழசாகியிருந்தால் உள்ளே சேற்று நீர் தங்கி, சில வாரங்களில் துருவேறி ஆர்மேச்சர் இறுகிவிடும். வெள்ளத்துக்குப் பிறகு மோட்டாரைப் பிரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் எதையும் பிரிக்கும் முன் படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்து ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு வாங்குவது கடினம்.

பழைய பேட்டரிக்குப் பேட்டரிக் கடையில் தள்ளுபடி தருகிறார்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரி அதைவிடக் கூடத் தருவதாகச் சொல்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?
— வாசகர், சேலம்

கடையில் கொடுங்கள். பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம், மீதியில் கணிசமானது கந்தக அமிலம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர்கள் பழையதைத் திரும்பப் பெற்று, முறையான மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். கடை வழியாகப் போனால் அந்த ஈயம் மறுபடி ஒரு பேட்டரியாகவே வரும். முறையில்லாத கைகளுக்குப் போனால் யார் வீட்டுக் கொல்லையிலோ சுத்தியலால் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படும். அந்தப் புகையையும் தூசியையும் அதிகம் வாங்குவது அங்கே விளையாடும் பிள்ளைகள். ஈயம் அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், போன வளர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது. கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சில பத்து ரூபாய் நமக்கு வேண்டாம். பில் வாங்கிக்கொண்டு, பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.